அண்ணிக்குப் பக்கத்து இடம்

அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு செய்தி. திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அண்ணனுக்கு மெழுகுத்திரி ஏற்ற நினைப்பவர்கள், அண்ணியின் கல்லறைக்குப் பக்கத்தில் தேட வேண்டாம். வாயிலிலிருந்து மூன்றாவது வரிசையில் ஏழாவதாக இருப்பது அண்ணியின் கல்லறை. எட்டாவது இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதன் தலைமாட்டில் ஒரு சிறு கருங்கல் நட்டிருக்கும். நட்டவன் நான்தான். ஆனால் அண்ணன் அங்கே இல்லை. நேராக உள்ளே போய், ஒற்றைப் பனையைத் தாண்டி, மேற்கு மதிலோரம் பாருங்கள். அங்கே இரண்டு கல்லறைகள் அருகருகே இருக்கின்றன. வலப்பக்கம் இருப்பது அண்ணனுடையது. இடப்பக்கம் இருப்பவர் நம் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

சென்ற ஆண்டு அடக்கத்துக்கு வந்தவர்களில் பதினான்கு பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நான் எண்ணவில்லை. அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன். இதை எழுதச் சொன்னவரும் அண்ணன்தான். "நல்லதையே எழுதி என்னைச் சுருவமாக்கி பீடத்துல ஏத்திடாதடா. அந்த மதிலோரத்துக் கதையை எழுது. இல்லன்னா மலரே போடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அண்ணன் பிறந்தது வரதராஜன்பேட்டைக்குத் தெற்கே நம் ஊரில், இப்போது ஸ்டெல்லா குடியிருக்கும் அதே மனையில். ஸ்டெல்லா அண்ணனின் ஒரே மகள். நாங்கள் அண்ணன் தம்பி இரண்டே பேர். அண்ணன் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காய்ச்சலில் இறந்தார். அடுத்த வாரம் அண்ணன் பள்ளிக்கூடப் பையை எனக்குக் கொடுத்துவிட்டு முந்திரிக்காட்டு வேலைக்குப் போனார். பிறர் காட்டில் கொட்டை பொறுக்கினார், பின்பு காட்டைக் குத்தகைக்கு எடுத்தார், பின்பு சொந்தமாக ஒரு காடு வாங்கினார். அந்த முதல் காட்டில் நாற்பத்தொரு மரங்கள். எண்ணிச் சொன்னது நான். அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை. "காய்க்குதா இல்லையாங்கறதுதான் கேள்வி. எத்தனைங்கறது உன் கவலை" என்றார்.

என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவர் அவர். வழியிலிருக்கும் பனைமரங்களை நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டு போவேன். முப்பதைத் தாண்டும்போது அண்ணன் முன்னாலிருந்து வேண்டுமென்றே "பதினேழு, பதினெட்டு" என்பார். எனக்கு எண்ணிக்கை குழம்பிவிடும், அழுகை வரும். அவர் சிரித்துக்கொண்டே மிதிப்பார். நான் நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்து தா.பழூர், பெரம்பலூர் என்று சங்கிலியும் கையுமாக அலைந்து ஓய்வு பெறும்வரை, எப்போது ஊருக்கு வந்தாலும் இந்த விளையாட்டை அவர் விடவில்லை. நான் எதையாவது எண்ணுவதைப் பார்த்தால் தவறான எண்ணைச் சொல்வார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த அளவுக்குத்தான்.

அண்ணன் கோயிலுக்கு உழைத்தவர். செபமாலையைத் தொடங்கிவைக்க அவர் குரல்தான் ஊருக்குப் பழக்கம். திருவிழாவில் தேர், தவக்காலத்தில் சிலுவைப் பாதை, யாராவது இறந்துபோனால் கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு இடம் காட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதிகாரம் செய்கிறோம் என்று நினைக்காமலேயே அதிகாரம் செய்தார். ஊரில் யாருக்கும் சோறில்லை என்றால் அண்ணன் வீட்டில் சோறு உண்டு. ஆனால் அண்ணனை மறுத்துப் பேசினால் அந்த ஆளுக்கு அண்ணன் மனத்தில் இடம் கிடையாது. அண்ணிக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரிய நாளாயிற்று.

மதிலோரத்தில் அண்ணனுக்கு இடப்பக்கம் படுத்திருப்பவர் அருளப்பன். கொத்து வேலை செய்தவர். நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சரியான நொடியில் கொடுத்துத் திருப்பவோ நிறுத்தவோ வேண்டும். கட்டை தப்பினால் கால் போய்விடும், சில நேரம் உயிரே போய்விடும். அருளப்பன் கை ஒருமுறையும் தப்பியதில்லை. ஒரு வருடத் திருவிழாவில் அவர் குடித்துவிட்டு வந்தார் என்று அண்ணன் ஊரே பார்க்க அவர் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி, மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டார். மண்ணில் விழுந்த அருளப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கேட்டது இதுதான்: "நீ என்னா, சாமிக்கு மச்சானா?"

கூட்டம் சிரித்தது. அத்தோடு போயிருந்தால் சரி. ஆனால் "சாமி மச்சான்" என்ற பேர் அண்ணனுக்கு நிலைத்துவிட்டது. கடைத்தெருவில், கொட்டை எடை போடுகிற இடத்தில், கல்யாண வீட்டில் எல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தப் பேர் கேட்கும். அண்ணன் கேட்காததுபோல் நடப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடமாட்டார்.

அருளப்பன் அந்தத் திருவிழாவுக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. வருடங்கள் போயின. பாவசங்கீர்த்தனம் இல்லை, பாஸ்குத் திருநாளுக்கு நற்கருணை இல்லை. ஒரு முந்திரிப் பருவத்தில், வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். பங்குத்தந்தை அந்த வாரம் தியானத்துக்கு வெளியூர் போயிருந்தார். குழிக்கு இடம் கேட்டு அருளப்பன் மகன் சூசை அண்ணனிடம் வந்தான். அப்போது அவன் மீசை முளைத்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும்.

மேற்கு மதிலோரத்தில் ஒரு துண்டு நிலம் உண்டு. முன்காலத்தில் தற்கொலை செய்துகொண்டவர்களையும் ஞானஸ்நானம் பெறாதவர்களையும் அங்கே புதைப்பார்கள். மந்திரிக்காத மண் என்று பேர். குருக்கள் அந்த வழக்கம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆனால் கல்லறைத் திருநாளில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது, தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகும் அண்ணன் ஒற்றைப் பனையோடு திரும்பிவிடுவார். செம்பு திரும்பினால் குருவும் திரும்புவார். புதிதாக வருகிற குருவுக்கு அதற்கு அப்பால் இடமிருப்பதே தெரியாது. அருளப்பனுக்கு எங்கே இடம் என்று ஊர்ப் பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணன் சொன்னதே முடிவானது. கோயிலுக்கு வராதவனுக்கு மதிலோரம்தான்.

அன்று மாலை அண்ணி ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். "சாமி பேரைச் சொல்லி உங்க கோவத்தைத் தீத்துக்கிட்டீங்க." அண்ணன் அதற்காக அண்ணியோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதைப் பிற்காலத்தில் என்னிடம் சொன்னவர் அண்ணனே. ஊர் திரும்பிய பங்குத்தந்தை வருத்தப்பட்டார், மதிலோரம் போய்ச் செபித்தார், பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். அருளப்பன் அங்கே தனியே கிடந்தார்.

இதற்குப் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அண்ணன் வழக்கம்போல் வாழ்ந்தார். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் செய்தார். காடு வளர்ந்தது. எனக்குப் பெரம்பலூரில் வீடு கட்டும்போது இரண்டு மாதம் தங்கி மேற்பார்வை பார்த்தார். நான் செங்கல் எண்ணினேன், அவர் எண்ணைக் குழப்பினார்.

பிறகு அண்ணி இறந்தார்.

சித்திரை வெயில். நம் ஊர்ச் செம்மண் அந்தப் பருவத்தில் பாறையாக இறுகியிருக்கும். குழி தோண்ட ஆள் தேடிக்கொண்டிருந்தோம். யாரும் சொல்லியனுப்பாமலே சூசை கடப்பாரையோடு போய்த் தோண்டத் தொடங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. நானும் அண்ணனும் போனோம். மூன்றாவது வரிசையில் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடக்கைப் பக்கத்து மண்ணைக் காட்டினான்.

"மாமா, உங்களுக்கும் எடம் விட்டுத்தான் தோண்டியிருக்கேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. எவ்வளவு யோசித்தும் அவன் குரலில் எனக்குக் குத்தல் கிடைக்கவில்லை. கணவன் மனைவிக்குப் பக்கத்து இடத்தை விட்டுத் தோண்டுவது குழி வெட்டுகிறவர்கள் செய்வதுதான். அதைச் செய்தான், அதைச் சொன்னான். அண்ணன் பனைமரத்துக்கு அப்பால் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணன் என்னை அழைத்துப்போய் அந்தப் பக்கத்து இடத்தை அளக்கச் சொன்னார். ஆறேமுக்கால் அடிக்கு மூன்றடி. அண்ணன் உயரமானவர், கால் மடங்கிவிடக்கூடாதே என்று நான் முக்கால் அடி கூட்டினேன். தலைமாட்டில் கல்லை நட்டேன். "எனக்கு இனிமே ஒரே ஆசைதான்டா. இங்க வந்து படுத்துடணும். அவ இல்லாம வூடு வூடா இல்ல" என்றார். அந்தக் கல் நட்டது எதற்கு என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. நானும் மறக்கவில்லை.

அடுத்து வந்த தவக்காலத்தில் அண்ணன் ஒழுங்காக உறங்கவில்லை என்று ஸ்டெல்லா போனில் சொன்னாள். நான் மாத்திரைகளோடு போனேன். அண்ணன் மாத்திரையை வாங்கிக்கொள்ளவில்லை. செபம் சொல்ல முடியவில்லை என்றார். பரலோக மந்திரத்தில், நம் விருப்பத்தை ஒதுக்கிவிட்டுக் கடவுள் விருப்பம் நடக்கட்டும் என்று கேட்கிற இடம் ஒன்று உண்டல்லவா? "அந்த எடம் வந்தா வேகமா தாண்டிடுறேன்டா. இத்தனை வருஷமும் அப்படித்தான் தாண்டியிருக்கேன். இப்பதான் தெரியுது" என்றார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவனைக் கோயிலை விட்டுத் தொரத்தினதும் நான். கோயிலுக்கு வரலன்னு தீர்ப்பு சொன்னதும் நான்" என்றார்.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உள்ளே பேசியதைக் குருவானவர் வெளியே சொல்லமாட்டார். அண்ணன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அப்போது இருந்தவர் வயதில் சிறியவர், அண்ணனுக்கு மகன் வயதுதான் இருக்கும். அபராதமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னாராம். அண்ணன் எழுந்திருக்காமல், "இவ்வளவுதானா சாமி?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "கடவுள் மன்னிச்சிட்டாரு பெரியவரே. சூசை வீட்டுக்கு வழி தெரியுமில்ல?" என்றாராம்.

வழி தெரியும். நான்கு தெரு தள்ளி. ஆனால் அந்த நான்கு தெருவைக் கடக்க அண்ணனுக்குத் தவக்காலத்தின் பெரும்பகுதி ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் வேண்டாம் என்றேன். அவர்கள் திட்டினால் அண்ணனின் இரத்த அழுத்தம் ஏறும் என்று பயம்.

சூசையின் அம்மா ஞானம்மா வாசலில் உட்கார்ந்து முந்திரிப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகிப் பிரித்துக்கொண்டிருந்தார். சூசை கயிற்றுக்கட்டிலில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். ஞானம்மா எழவில்லை. "உக்காருங்க" என்றார். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே, சுற்றி வளைக்காமல் சொன்னார். அருளப்பனுக்கு மதிலோரம் காட்டியது கோயில் சட்டத்துக்காக அல்ல, அவர் என்னைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்விக்காக. அதைச் சாமி பேரில் செய்தேன். மன்னிக்க வேண்டும்.

ஞானம்மா கையிலிருந்த பழத்தைத் திருகி முடித்துக் கொட்டையைக் கூடையில் போட்டார்.

"அன்னிக்கு சாயங்காலமே வந்து இதச் சொல்லியிருந்தா, தொடப்பத்தை எடுத்திருப்பேன். நல்ல வேளை, லேட்டா வந்தீங்க."

அண்ணன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. சூசைதான் பேசினான்.

"மாமா, எங்கப்பா கட்டை போட்டு தேரு ஒரு தடவையாவது தப்பா நின்னுருக்கா?"

"இல்லடா."

"அத ஊருக்கு முன்னாடி சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அண்ணன் சரி என்றார். ஞானம்மாவிடம், ஊர்ப் பெரியவர்களிடம் பேசி அருளப்பனின் எலும்புகளை எடுத்து உள்வரிசையில் வைக்க ஏற்பாடு செய்கிறேன் என்றார். அதற்கு அந்த அம்மாள் உடனே தலையாட்டினார், வேண்டாம் என்று.

"அவரத் தோண்டாதீங்க. அந்த எடம் அவருக்குப் பழகிடுச்சு. ஒத்தையா கெடக்குறாரேன்னுதான் இருக்கு. வேற கொறை இல்ல."

திரும்பி வரும் வழியில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆண்டுத் திருவிழாவில் தேர் புறப்படுவதற்கு முன் அண்ணன் ஒலிபெருக்கியை வாங்கினார். ஊர் செபமாலையை எதிர்பார்த்தது. அருளப்பன் கட்டை போட்டுத் தேர் ஒரு தடவையும் தப்பியதில்லை என்றார். அவரைத் தள்ளிவிட்டது தப்பு, அவரைத் தள்ளிவைத்தது அதைவிடத் தப்பு என்றார். கடைசியில் சொன்னார்: "அன்னிக்கு அவர் கேட்ட கேள்விக்கு இன்னிக்குப் பதில் சொல்றேன். நான் சாமிக்கு மச்சான் இல்ல."

ஊர் மறுபடி சிரித்தது. இம்முறை அண்ணனும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். முட்டுக்கட்டையைச் சூசை கையில் கொடுத்தார்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நவம்பரில் கல்லறைத் திருநாள். அண்ணன் வழக்கம்போல் தீர்த்தச் செம்போடு முன்னால் போனார். ஒற்றைப் பனை வந்தது. திரும்பவில்லை. முள்ளை மிதித்துக்கொண்டு மதில்வரை போனார். குரு பின்னால் போக வேண்டியதாயிற்று. கூட்டமும் போயிற்று. அருளப்பனின் மண்மேட்டில் தீர்த்தம் விழுந்தது. அங்கிருந்து திரும்பி என்னிடம் வந்து, சாதாரணமாகச் சொன்னார்:

"டேப்பு வெச்சிருக்கியா? அருளப்பனுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு எடம் அளந்துடு."

என் கோபத்தை மறைக்கமாட்டேன். செய்தது தவறு, மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, ஊரறியச் சொல்லியாகிவிட்டது. இதற்குமேல் என்ன? அண்ணி தனியாகக் கிடப்பதா? அண்ணிதானே முதலிலேயே எச்சரித்தவர்? அவருக்கு ஏன் தண்டனை? எல்லாவற்றையும் கேட்டேன். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார்.

"அவகிட்ட கேட்டுட்டேன்டா" என்றார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து அண்ணன் அண்ணியின் கல்லறையில் உட்கார்ந்திருப்பார் அல்லவா? அங்கே கேட்டிருக்கிறார். "இது தண்டனை இல்ல. அவன் அங்க ஒத்தையா கெடக்குறதுக்குக் காரணம் நான். துணைக்குப் போக வேண்டியதும் நான்தான். எனக்கு அவ பக்கத்துல படுக்கணும்னு ஆசை இல்லன்னா நெனக்கிற? அந்த ஆசை ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருக்கு. இல்லாததைக் கொடுக்க முடியுமா?"

ஞானம்மாவிடமும் அனுமதி கேட்டிருந்தார். அருளப்பனுக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் பின்னாளில் தான், அதில் தனக்குச் சம்மதம் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். பங்குத்தந்தையிடமும் சொல்லியாயிற்று. அண்ணி பக்கத்து இடத்தை என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, நம் வீட்டு ஆட்களுக்கு வைத்துக்கொள்வதாக முதலில் சொன்ன அண்ணன், மறுவாரம் போய் மாற்றிச் சொன்னார். யார் வந்தாலும் படுக்கட்டும். இதையும் நான் ஏற்கவில்லை. "கொடுத்துட்டு, கையை அது மேலயே வெச்சுக்கிட்டிருந்தா அது கொடுத்ததா?" என்று என்னைக் கேட்டார்.

நான் டேப்பை எடுக்கவில்லை. அடுத்த ஆண்டும் எடுக்கவில்லை.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பகலெல்லாம் நான் அங்கேதான். குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து சொட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பேன், நிமிடத்துக்கு எத்தனை என்று. சரியாகத்தான் இறங்குகிறதா என்ற கவலை. மூடிய கண்ணைத் திறக்காமலே அண்ணன், "பதினேழு, பதினெட்டு" என்பார். செவிலியர்களுக்கு ஒன்றும் புரியாது.

வைத்தியம் போதும், ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று அண்ணன் கேட்டபோது ஸ்டெல்லாவும் மருமகனும் சம்மதித்தார்கள். நான் கடைசியாகச் சம்மதித்தேன். ஊரில் குருவானவர் வந்து, சாகும் தறுவாயில் பூசும் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். அதற்குப் பிறகு மூன்று நாள் தெளிவாக இருந்தார். நான் இடத்தைப் பற்றிப் பேச்செடுப்பேன் என்று எதிர்பார்த்தார்போல. நான் எடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. முதலில் அதை என் வெற்றி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த ஆசையையும் அவர் விட்டுவிட்டிருந்தார். மதிலோரமா, மூன்றாவது வரிசையா என்பதைக்கூட அவர் கையில் வைத்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எங்க வெச்சாலும் சரிதான்டா தம்பி" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. ஒரு விடியற்காலை, கோயில் மணி அடித்த சமயத்தில் அடங்கிவிட்டார்.

இனி உங்களில் பலர் பார்த்தது. பார்க்காததை மட்டும் சொல்கிறேன். காலையில் உறவுக்காரர்கள் எல்லோரும் அண்ணி பக்கத்தில்தான் என்று பேசி முடித்திருந்தார்கள். ஸ்டெல்லா அழுதுகொண்டு, "சித்தப்பா, நீங்க சொல்றதுதான்" என்று என்மேல் விட்டுவிட்டாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சூசை கடப்பாரையைத் தரையில் ஊன்றி நின்றிருந்தான்.

"எங்க தோண்டட்டும் சர்வேயர் மாமா? நீங்க காட்டுற எடத்துல தோண்டுறேன்."

அவன் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பும் இல்லை. நான் மூன்றாவது வரிசைக்குப் போனேன். நான் நட்ட கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் இங்கே வர எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அந்தக் கல்லுக்கும் எனக்கும் தெரியும். என் ஆசையும் அதுதான். அண்ணன் தன் ஆசையைக் கொடுத்துவிட்டார். என்னுடையதை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அங்கே நிற்கும்போது விளங்கியது. நடந்து பனையைத் தாண்டினேன். மதிலோரத்தில் டேப்பை விரித்தேன். சூசை மறுமுனையைப் பிடித்தான். ஆறேமுக்கால் அடி. "கால் மடங்காம இருக்கும்" என்றான். அவன் தோண்டத் தொடங்கினான்.

அண்ணனின் சுகவீனத்தில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அண்ணனை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த வேன் ஓட்டுநருக்கும், அவஸ்தை பூசி, அடக்கச் சடங்கை நடத்திய பங்குத்தந்தைக்கும், சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டவர்களுக்கும், மூன்று நாளும் சமைத்துப் போட்ட தெருப் பெண்களுக்கும் நம் குடும்பத்தின் நன்றி. இந்த மலரை அச்சிட்டவர்களுக்கும் நன்றி. திருத்தம் பார்க்க நான் ஐந்து முறை போய் அவர்கள் பொறுமையைச் சோதித்தேன். பிழை இன்னும் இருந்தால் அது என் கண்ணின் குறை. சூசைக்கு நன்றி சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான். ஆகவே அவன் பேரை மட்டும் எழுதுகிறேன்.

கடைசியாக ஞானம்மா அக்காவுக்கு. சென்ற கல்லறைத் திருநாளன்று மாலை, எட்டாவது இடத்துக் கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று ஒரு சிறு கடப்பாரையோடு போனேன். வேறு யாருக்காவது போகப்போகிற இடத்தில் நம் கல் எதற்கு? ஞானம்மா அக்கா மதிலோரத்தில் இரண்டு கல்லறையிலும் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு, மூன்றாவதை அண்ணியின் கல்லறைக்குக் கொண்டுவந்தார். என் கையில் கடப்பாரையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"கல்லு இருக்கட்டும். பிடுங்காதீங்க" என்றார். குனிந்து, காற்றுக்குக் கையை மறைத்துத் திரியை ஏற்றினார். "இவ எம் புருஷனுக்கு வருஷா வருஷம் யாருக்கும் தெரியாம மெழுகுத்திரி வெச்சா. உங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். இப்ப இவதான் ஒத்தையா கெடக்கா."

எனக்கு உடனே விளங்கவில்லை. அருளப்பனின் மறுபக்கம் உங்களுக்கு இருக்கிறதே என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் தொணை வந்துடுச்சே. ரெண்டு பேரும் அங்க தேரைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டுக் கெடக்கட்டும். நான் இங்க வந்து இவகூட நிம்மதியா இருந்துக்கிறேன். மலர்ல வேணா எழுதிக்கங்க. நாளைக்கு எம் மவன் மாத்திக் கீத்தித் தோண்டிடக் கூடாது."

எழுதிவிட்டேன். அந்த இடம் ஞானம்மா அக்காவுக்கு ஒன்றேமுக்கால் அடி கூடுதலாகவே இருக்கும் என்று சொன்னேன், அவர் குள்ளம் என்பதால். அளக்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது "பதினேழு, பதினெட்டு"தான். அண்ணன் சொல்லுவாரே, அதைப்போல.

கல்லைப் பிடுங்காமல் திரும்பி வந்தேன்.